இந்த வருஷம் நான்காவது ஃபேர்வெல் கேக்

வணக்கம். மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு நைட் டியூட்டி, அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் எங்கள் வார்டில் கேக் வெட்டினோம். பிறந்தநாள் இல்லை, ஃபேர்வெல். இந்த வருஷத்தில் நான்காவது. கிளம்பின பெண் என்னிடம் வேலை பழகியவள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்த புதிதில் வென்ஃப்ளான், அதாவது ட்ரிப் ஏற்ற ரத்தக்குழாயில் சொருகும் சின்னக் குழாய், அதைப் போட ஊசியை எடுத்தாலே கை நடுங்கும். மூன்றே வருஷத்தில், பக்கத்து வார்டிலிருந்து "வெயின் கிடைக்கவே இல்லை, உங்கள் பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இப்போது ஜெர்மன் படிக்கிறாள். பி2 என்கிற மொழித் தேர்வு தேறிவிட்டால் விமானம்தான்.

இப்படி யார் கிளம்பினாலும் எங்கள் மேலிடத்தில் ஒரே பதில்தான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மோகம்." இல்லாவிட்டால், "கல்யாணம் ஆனால் போகத்தானே செய்வார்கள்." 12 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரி, மெடிக்கல் வார்டு. ராத்திரிக்கு இரண்டு பேர். ஒரு பேஷண்டை ஐசியூவுக்கு மாற்ற வேண்டியிருந்தது, கூட இருந்த சிஸ்டர் அவரோடு போய்விட்டாள். 24 பேருக்கு நான் ஒருத்தி. ஓரத்துப் படுக்கையில் ஒரு தாத்தா, "அம்மா, கொஞ்சம் வாம்மா" என்றார். "இதோ வருகிறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஆன்டிபயாட்டிக் போடப் போனேன். அப்புறம் ஒரு ட்ரிப் நின்றுபோனது, ஒருவருக்கு சுகர் இறங்கியது. அவரிடம் திரும்பிப் போனபோது விடிந்துவிட்டது. பாத்ரூம் போகத்தான் கூப்பிட்டிருக்கிறார். படுக்கை நனைந்து, அந்த விரிப்பைத் தானே உருவிச் சுருட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, வெறும் ரெக்சின் மேல் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "நீ ஓடிக்கிட்டே இருந்தே, அதான் மறுபடி கூப்பிடலை" என்றார்.

காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மருந்து எல்லாம் போயிருந்தது, சார்ட் எல்லாம் எழுதியிருந்தேன். அந்த விரிப்பை எந்த சார்ட்டில் எழுதுவது? பஸ்ஸில் வீடு வரும் வரை அழுதேன். இந்த வேலையை விட்டுவிடலாம் என்று முதன்முதலாக நினைத்தது அன்றைக்குத்தான். சம்பள நாளில் கூட அப்படித் தோன்றியதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டில் 3 பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். இதைக் காலேஜில் பரீட்சைக்கு எழுதியதோடு சரி.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து லிண்டா ஏய்க்கன் என்பவரும் அவர் குழுவும் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. ஒரு நர்ஸ் பார்க்கும் பேஷண்டுகளில் ஒருவர் கூடினாலே, ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அப்படிச் சோர்ந்து, வேலையிலும் திருப்தி இல்லாதவர்களில் 43 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள் கிளம்பப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 11 சதவீதம்தான். இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

அதற்காகப் பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்தைப் பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னபிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்து நர்சுகள் 2017-இல் தெருவில் இறங்கிப் போராடி, 2018-இல் 20,000 அடிப்படைச் சம்பளத்தை அரசு உத்தரவாகவே வாங்கினார்கள். நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரியிலேயே, எம்ஆர்பி என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேர்வானவர்களை 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியதைப் பார்த்திருப்பீர்கள். பல வருஷம் கழித்து அது 18,000 ஆனது. பணி நிரந்தரம் ஆகும் என்ற ஒரு நம்பிக்கையில்தான் அத்தனை பேர் அந்த வேலையில் தங்கியிருக்கிறார்கள்.

சரி, நான் ஏன் இன்னும் இருக்கிறேன்? எங்கள் வார்டு நர்சுகளுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் அக்காவால். டியூட்டி லிஸ்ட்டை அவர் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் நீட்டி, "யாருக்காவது வீட்டில் விசேஷம் இருக்கா, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கா, இப்பவே சொல்லுங்க" என்று கேட்பார். ஒரு தடவை பேஷண்டின் சொந்தக்காரர் ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். அக்கா குறுக்கே வந்து நின்று, "என் பிள்ளைகிட்ட இப்படிப் பேசாதீங்க, என்கிட்ட பேசுங்க" என்றார். ரவுண்ட்ஸில் "இந்த சிஸ்டருக்கு ஒன்று தோன்றுகிறது, கேட்டுவிடுங்கள் டாக்டர்" என்று நிறுத்துவார். அப்படி ஒரு நாள் நான் கவனித்தது, ஒரு பேஷண்டின் மூச்சு எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனதை. பிபி, காய்ச்சல் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், கிருமித்தொற்று அதில் தெரிந்தது. அந்த ஒரு நாள் எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் நர்ஸ் கிடைக்காமல் தவித்த காலத்தில், யாரும் விட்டுப்போகாத ஆஸ்பத்திரிகளாகத் தேடி 41 இடங்களை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்டார்கள். காந்தம் மாதிரி இழுக்கிறது என்று அவற்றுக்கு மேக்னெட் ஆஸ்பத்திரி என்றே பெயர். அங்கேயும் இதேதான். துணைக்கு நிற்கிற மேலதிகாரி, காது கொடுக்கிற டாக்டர், போதுமான ஆட்கள்.

அக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், தயவுசெய்து போகிற பிள்ளையை உட்காரவைத்து ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மணி ஏழாகப் போகிறது. போனவளின் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு இன்றைக்குத்தான் முதல் நைட். மத்தியானமே போன் பண்ணி, "அக்கா, நீங்கள் இருப்பீர்கள்தானே?" என்று கேட்டாள். சீக்கிரம் போனால் அவளை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். கிளம்புகிறேன்.