இரண்டு ஆண்டு அளவுகோலும் புதுச்சேரி ஓணானும்

(கடலூரில் கல்லூரி ஒன்றின் விலங்கியல் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, விலங்கியல் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, முதுகலைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

"விலங்கியல் ஆய்விதழ்களின் தாக்கமும் பொருள் எல்லையும்" என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். காலையில் பேருந்து நிலையத்திலிருந்து என்னை அழைத்துவந்த மாணவி, வண்டியை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிட்டாள்: "மேடம், என் நண்டு பேப்பர் ரெடி. இம்பாக்ட் ஃபேக்டர் ரெண்டுக்கு மேல இருக்கிற ஜர்னல் ஏதாவது சொல்லுங்களேன்." அது என்ன நண்டு, எந்தக் கழிமுகத்தில் பிடித்தாய் என்று நான் கேட்ட பிறகுதான் அந்த விவரம் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணை முதலில் கேட்கும்படி அவளைப் பழக்கியவர்கள் நாம்தான். நேர்காணலில், பதவி உயர்வுப் படிவத்தில், வழிகாட்டியின் அறையில் என்று எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்கிறோம். அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்று ஒருவர். 1955இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு யோசனையை எழுதினார். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அட்டவணை போட்டு வைத்தால், ஒரு கருத்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிக்கலாம் என்பதுதான் அந்த யோசனை. 1960களில் அந்த அட்டவணை புத்தகமாகவே வந்தது. உலகத்தில் உள்ள எல்லா இதழ்களையும் அதில் சேர்க்க முடியாதல்லவா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யத்தான் அவரும் இர்விங் ஷெர் என்பவரும் தாக்கக் காரணி, அதாவது இம்பாக்ட் ஃபேக்டர், என்ற கணக்கை உண்டாக்கினார்கள். 1975 முதல் ஆண்டறிக்கையாக வெளிவந்தது. இப்போது கிளாரிவேட் என்ற நிறுவனம் அதை வெளியிடுகிறது. எந்த இதழைச் சேர்ப்பது என்று பார்க்க வந்த கணக்கு அது. அதைக்கொண்டு இன்று ஒரு மனிதருடைய உழைப்பை எடை போடுகிறோம்.

கணக்கு எளிதுதான். ஓர் ஆய்விதழ் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் வந்த கட்டுரைகள் அந்த நூறு கட்டுரைகளையும் மொத்தமாக 150 முறை மேற்கோள் காட்டின. 150ஐ 100ஆல் வகுத்தால் 1.5. அவ்வளவுதான். நம் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் கூடையை நினைத்துப் பாருங்கள். கூடை நிறைய நெத்திலி, நடுவில் ஒரே ஒரு பெரிய வஞ்சிரம். மொத்த எடையை மீன் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி எடையில் அந்தக் கூடையில் ஒரு மீன்கூட இருக்காது. ஆய்விதழின் எண்ணும் அப்படித்தான். ஒன்றிரண்டு கட்டுரை மேற்கோளை அள்ளிக்கொண்டு போகும், மற்றவை எல்லாம் சராசரிக்குக் கீழே கிடக்கும். "என் பேப்பர் இம்பாக்ட் மூன்று" என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய கட்டுரையைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

துறைக்குத் துறை எண் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. புற்றுநோய் மருத்துவ ஆய்விதழ் ஒன்றின் எண் 200ஐத் தாண்டியிருக்கிறது. விலங்கு வகைப்பாட்டியல், அதாவது இனங்களைப் பிரித்துப் பெயர் சூட்டும் துறை; அதன் மிகப் பெரிய ஆய்விதழான ஜூடாக்ஸாவின் எண் ஒன்றை ஒட்டியே நிற்கும். ஆயிரக்கணக்கான பேர் உழைக்கும் துறையில் இன்று எழுதியதை அடுத்த மாதமே நூறு பேர் எடுத்தாள்வார்கள். ஒரு குறிப்பிட்ட குடும்பத்து நண்டை ஆராய்கிறவர்கள் உலகம் முழுவதும் தேடினாலும் சில பேர்தான் இருப்பார்கள். இரண்டு துறையையும் ஒரே படியால் அளக்க முடியாது.

இதைவிட ஆழமான சிக்கல் அந்த இரண்டு ஆண்டு என்ற கெடுவில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கிறது.

திறந்த, புதர் மண்டிய மணல்வெளியில் சின்னஞ்சிறு ஓணான் ஒன்று ஓடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண், தொண்டைத் தோலை விசிறிபோல விரித்துக் காட்டும். பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1829இல் அதற்குச் சிடானா பாண்டிசெரியானா என்று பெயர் வைத்தார். புதுச்சேரியிலிருந்து போன மாதிரி உடலை வைத்து எழுதியது அது, அதனால் பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டது. பிறகு நெடுங்காலம் இந்தியாவில் எங்கே விசிறித் தொண்டை ஓணானைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்த ஒரே பெயரால்தான் அழைத்தார்கள். 2016இல் தீபகற்ப இந்தியாவின் ஓணான்களை மரபணு, உடலமைப்பு இரண்டையும் வைத்து ஆராய்ந்த குழு, இது ஓரினம் இல்லை என்று காட்டி, ஒரு புதிய பேரினத்தையும் ஐந்து புதிய இனங்களையும் விவரித்தது. மற்றவற்றைப் பிரித்துப் பெயர் வைக்க வேண்டுமென்றால், முதலில் எது உண்மையான பாண்டிசெரியானா என்று தெரிய வேண்டும். அதற்குக் கூவியேயிடம்தான் திரும்பிப் போக வேண்டும். 187 ஆண்டுக்கு முந்தைய விவரிப்பு அது! அதே 2016இல் ஜூடாக்ஸாவில் தென் தமிழ்நாட்டிலிருந்து இன்னோர் இனம் விவரிக்கப்பட்டது. பெயர் சிடானா மருதம்நெய்தல். வயலும் கடற்கரையும் சேர்ந்த நிலத்து ஓணானுக்கு நம் திணைப் பெயர்கள் இரண்டையும் சேர்த்தே சூட்டியிருக்கிறார்கள். முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், கூவியேயின் பக்கத்துக்குத் தாக்கம் உண்டா இல்லையா? தாக்கக் காரணியைக் கேட்டால் சுழியம் என்றுதான் சொல்லும். இரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. இனப்பெயரை எழுதும்போது பக்கத்தில் "கூவியே, 1829" என்று போடுகிறோம். யார், எந்த ஆண்டில் பெயர் சூட்டினார் என்ற மரியாதைக் குறிப்பு அது. ஆனால் கட்டுரையின் முடிவில் வரும் மேற்கோள் பட்டியலில் அந்தப் பழைய நூலைச் சேர்ப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. மேற்கோள் கணக்கு எடுப்பவர்கள் அந்தப் பட்டியலைத்தான் எண்ணுகிறார்கள். இனத்தை விவரித்தவரின் உழைப்பை நாள்தோறும் பயன்படுத்துகிறோம், கணக்கில் மட்டும் அது ஏறுவதில்லை. உங்களுக்கு என் வேண்டுகோள் இது: நீங்கள் எழுதும்போது மூல விவரிப்பைப் பட்டியலில் சேருங்கள். இப்படிச் சேர்ப்பதை ஊக்குவிக்கும் ஆய்விதழ்களும் உண்டு.

கௌதாரியின் கதையும் இதே மாதிரிதான். பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி இந்தப் பக்கம் வந்து, பார்த்ததை எழுதி, படமும் போட்டு 1782இல் வெளியிட்டார். அதில் 'புதுச்சேரிக் கௌதாரி' என்று இந்தப் பறவையை வருணித்தார். பேரினம், இனம் என்று இரண்டு சொல்லில் வரும் லத்தீன் பெயர் வைக்கவில்லை. ஜெர்மனியில் கெட்டிங்கனில் இருந்த கிமெலின், அந்த வருணனையை வைத்துக்கொண்டு 1789இல் பாண்டிசெரியானஸ் என்று முறைப்படி பெயர் சூட்டினார். இன்று பெயரோடு ஒட்டி நிற்பது "கிமெலின், 1789". இந்த மண்ணில் நின்று எழுதியவர் பெயர் அந்த வரியில் இல்லை. பெயர் எப்போதும் கடைசியில் முறைப்படுத்தியவரிடமே போய்ச் சேரும். வயல்வெளியில் நின்றவரைத் தேடிப் போய்ப் படித்தால்தான் தெரியும்.

எண்ணை நம்பி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஒரு பாடம். ஜூடாக்ஸா 2001இல் நியூசிலாந்தில் தொடங்கியது. உலகில் புதிதாக விவரிக்கப்படும் விலங்கினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த ஒரே இதழில் வந்துகொண்டிருந்தது. 2020இல் தாக்கக் காரணிப் பட்டியல் வந்தபோது ஜூடாக்ஸாவைக் காணோம். தன்னைத்தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று நீக்கிவிட்டார்கள். இத்தனை இனங்கள் அந்த இதழில் விவரிக்கப்பட்டிருக்கும்போது, அடுத்து எழுதுகிறவர் அதை மேற்கோள் காட்டாமல் வேறு எதைக் காட்டுவார்? எண்ணைக் கூட்டுவதற்குச் செய்த சூழ்ச்சி எதுவும் அதில் இல்லை. அந்தத் துறையின் பெரும்பகுதி அங்கே குடியிருந்தது, அவ்வளவுதான். பல நாட்டு வகைப்பாட்டியலாளர்கள் எழுதினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். சில வாரங்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தச் சில வாரங்களில் எத்தனை இளம் ஆய்வாளர்கள் "இனி இங்கே எழுதினால் என் வேலைக்கு ஆகுமா" என்று கலங்கியிருப்பார்கள்!

அடுத்து, பொருள் எல்லை. ஓர் ஆய்விதழ் எந்த விலங்குகளைப் பற்றி, எந்தக் கேள்விகளைப் பற்றி வெளியிடுகிறது என்பது அதன் பெயரில் தெரியாது. முகப்பில் "விலங்கியலின் எல்லாத் துறைகளும்" என்றுதான் போட்டிருக்கும். நான் செய்வது இதுதான்: கடந்த இரண்டு ஆண்டுப் பொருளடக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலால் குறிப்பேன். முதுகெலும்புள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை, களஆய்வு எத்தனை, ஆய்வகம் எத்தனை, இனப்பட்டியலை ஏற்கிறார்களா, வெப்ப மண்டலத்திலிருந்து எத்தனை. ஒரு மணி நேரம் போதும், இதழின் முகம் தெரிந்துவிடும். பூச்சியில் பத்து லட்சம் இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பாலூட்டி ஆறாயிரத்துச் சொச்சம், பறவை பதினோராயிரம் அளவில்தான். ஆனால் பொருளடக்கத்தைப் புரட்டினால் பெரும்பாலும் பாலூட்டியும் பறவையும்தான் முன்னால் வந்து நிற்கும். சேற்றுப் புழுவை ஆராய்கிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் இதழைத் தேட வேண்டும்.

எண்ணைத் துரத்துவதால் எல்லை சுருங்குவதும் உண்டு. ஓர் ஊரின் நண்டுப் பட்டியல், ஒரு கழிமுகத்தின் மிதவையுயிர்க் கணக்கு, முதன்முறையாக ஒரு கரையில் கண்ட மீன் பற்றிய குறிப்பு, இவற்றை உடனடியாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. வெளியிட்டால் வகுக்கும் எண் கூடும், ஈவு குறையும். அதனால் இத்தகைய கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று அறிவித்த ஆய்விதழ்கள் இருக்கின்றன.

என் இளம் வயதில் வெள்ளாற்றுக் கழிமுகத்துச் சேற்றுப் புழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். மாதவாரியாக, இடவாரியாக எண்ணிக்கை போட்ட பட்டியல் அது. "உள்ளூர் ஆர்வத்துக்கு மட்டுமே உரியது" என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. பிறகு இங்கேயே அச்சாகும் சிறு இதழ் ஒன்றில் வெளியிட்டேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கரைக்கு என்ன நேர்ந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சில மாதங்களில் ஓர் இளம் ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார். "அம்மா, சுனாமிக்கு முன்னால் அந்தச் சேற்றில் என்ன இருந்தது என்று உங்கள் பட்டியலில் இருக்கிறதாமே, ஒரு நகல் வேண்டும்" என்றார். எது போனது, எது மிஞ்சியது என்று அறிய முந்தைய நிலை தெரிய வேண்டும் இல்லையா? பரங்கிப்பேட்டையில் 1960களிலிருந்து கடல் உயிரியல் ஆய்வு நடந்துவருவதன் அருமை அந்த நாட்களில்தான் பலருக்குப் புரிந்தது. என் கட்டுரை வந்த சிறு இதழ் எந்த மேற்கோள் கணக்கிலும் இல்லை. அவர் நகலை வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லாத எல்லா இதழும் நல்லது என்று நான் சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஏற்புக் கடிதம் அனுப்புகிறவர்கள் உங்கள் மின்னஞ்சலுக்கும் வருவார்கள். மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரு வரிகூட இருக்காது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதே குழுவின் கேர் (CARE) என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது, 2025இல் அதையும் கைவிட்டார்கள். இப்போது நல்லதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் துறைகளிடமே வந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் அந்த விலங்கை அறிந்தவர்களா, மாதிரிகளை அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா போன்ற இதழை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். நம் மாவட்ட வன அலுவலரும், மீன்வளத் துறையில் இருப்பவரும் திறந்து படிக்கக்கூடிய இடத்தில் நம் நண்டு இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக ஒரு சுறா. 1839இல் மியூலர், ஹென்லே என்ற இரு ஜெர்மானியர்கள் விவரித்தது. ஊர்ப்பெயரால் அதைப் புதுச்சேரிச் சுறா என்கிறோம். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருபது மாதிரி அளவில்தான் இருக்கின்றன. உறுதியாகக் கடைசியாகப் பதிவானது 1979இல். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதற்கு இடமுண்டு. நாளைக்கு நம் கரையில் ஒன்று வலையில் சிக்கினால், இரண்டு பக்கக் குறிப்பு, நான்கு புகைப்படம், தெளிவான அளவுகள் போதும். அதை வெளியிடும் இதழின் எண் அரையாக இருந்தாலும், சுறாவை அறிந்த ஒவ்வொருவரும் அதைத் தேடிப் பிடித்துப் படிப்பார்கள்.

காலையில் என்னை அழைத்துவந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா, உன் நண்டின் படங்களை மாலையில் கொண்டுவா. முதலில் அது எந்த இனம் என்று உறுதிசெய்வோம், பிறகு அந்தக் குடும்பத்து நண்டுகளைப் பற்றிக் கடந்த பத்தாண்டில் நல்ல கட்டுரைகள் எங்கே வந்திருக்கின்றன என்று சேர்ந்து தேடுவோம். மற்றவர்களுக்கும் ஓர் அழைப்பு. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு நான் மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பேன். விசைப்படகுகள் வந்து, ஏலம் முடிந்து, கோழித் தீவனத்துக்குப் போகக் குவித்து வைத்திருக்கும் கழிவு மீன் குவியலைத்தான் பார்க்கப் போகிறோம். படகுக்கார அண்ணன்களிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மூடியுள்ள வாளி, மீன் கெடாமல் வைக்கச் சாராயக் (எத்தனால்) கரைசல், அளவுகோல் கொண்டுவாருங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். நன்றி, வணக்கம்.