துணைத் தலைவர் நாற்காலியும் வாசலில் நின்ற மூன்று பெண்களும்

நடுவர் அவர்களே, வணக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அந்தப் பெருமையைத் தேடித் தந்தது அரசியல் பணியா, சமூகத் தொண்டா என்பதுதான் இன்றைய வழக்கு. தொண்டுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வராமல் போயிருந்தால், அம்மையார் ஒரு விடுதி நடத்திய டாக்டர், அவ்வளவுதான்!" நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன், பழக்கதோஷம்.

சரி, கணக்குப் பார்ப்போம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க அம்மையார் மசோதா கொண்டுவந்தது 1930-இல். அது சட்டமானது 1947-இல். நடுவே 17 வருஷம்! அதே 1930-இல் அவர் வீட்டு வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. "மசோதா போட்டிருக்கிறேன், நிறைவேறட்டும், அப்புறம் வாருங்கள்" என்றா சொல்வது? வாசலில் நிற்கிறவளுக்கு ராத்திரிக்குச் சோறு வேண்டும், படுக்கப் பாய் வேண்டும். அம்மையார் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான்.

"1929-லேயே அம்மையார் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தாரே?" என்று அடுத்துப் பேசுகிறவர் கேட்பார். எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. கோயில் ஊழியம் செய்தால்தான் இனாம் நிலம், ஊழியத்தை விட்டால் நிலம் போச்சு. பெண்களைக் கட்டிப்போட்டிருந்த கயிறே அதுதான். ஊழியத்தை விட்டாலும் நிலம் அவளுக்கே என்றது அந்தத் திருத்தம். முதலில் அவள் வீட்டில் அடுப்பு எரியட்டும் என்று நினைத்திருக்கிறார் பாருங்கள்! அந்த நினைப்பு சட்டசபையில் உட்கார்ந்து வந்ததா? அவருடைய தாயார் சந்திரம்மாளே அந்தக் குலத்தில் பிறந்தவர், ஐயா.

1927-இல் சென்னை சட்டசபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கியது. பெரிய பெருமை, மறுக்கவில்லை. 1930-இல் காந்தியைச் சிறையில் போட்டதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நாற்காலியை விடலாம். அந்த மூன்று பெண்களை விட முடியுமா?

"உங்கள் தொண்டு மட்டும் உடனே நடந்துவிட்டதா?" என்றால், இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-இல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல். 31 வருஷம் அந்தத் துக்கத்தை மனசில் வைத்திருந்து கட்டியிருக்கிறார்.

அதற்கு 2 வருஷம் கழித்துத்தான் பத்மபூஷண். துணைத் தலைவர் நாற்காலியை விட்டு வந்தோ 26 வருஷம் ஆகியிருந்தது. எதிரணி நண்பர் பதில் சொல்ல எழும்போது, இந்தக் கணக்குக்கும் சேர்த்துச் சொல்லட்டும்.