டில்லியிலிருந்து ஒரு தமிழ் நூல் மதிப்புரைத் தளம்: நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அலுவலக வேலைக்கு இடையே தமிழ் நூல்களுக்கென்று சிறிய மதிப்புரைத் தளம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். எவ்வளவு செலவாகும், பதிப்பகங்களிடம் இலவசப் பிரதி வாங்கலாமா, நூலிலிருந்து வரிகளை எடுத்துப் போட்டால் சட்டச் சிக்கல் வருமா, டில்லியில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதில்தான் இருக்கிறது. சென்னை வாசகர் கடைக்குள் போய், நூலைக் கையில் எடுத்து, முன்னுரையைப் பார்த்து, நடுவில் நாலு பக்கம் புரட்டி, மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தள்ளி ஆர்.கே. புரத்திலும் கரோல் பாகிலும் இருக்கும் நமக்கு அந்த வாய்ப்பு அரிது. அட்டைப் படத்தையும் பின்னட்டைப் புகழுரையையும் நம்பி, அஞ்சல் செலவையும் சேர்த்துக் கட்டி வரவழைக்கிறோம். புரட்டிப் பார்க்க முடியாதவருக்காகப் புரட்டிப் பார்த்துச் சொல்வதே உங்கள் தளத்தின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதை எழுதுவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இந்தச் சிறுகதைகள் முந்தைய தொகுப்பில் வந்தவையா, மொழிபெயர்ப்பு மூலமொழியிலிருந்து நேராகச் செய்யப்பட்டதா அல்லது ஆங்கிலம் வழியாகவா, முதற்பதிப்பு எந்த ஆண்டு, மறுபதிப்பில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா, அச்சுப் பிழைகள் வாசிப்பைத் தடுக்கின்றனவா என்பவற்றையெல்லாம் விலைக்கு வாங்கப் போகிறவர் அறிய விரும்புவார். கதைச் சுருக்கத்துக்கு மூன்று வரி போதும். ஆனால், ‘நடை அருமை’ என்று எழுதினால் அந்த நடையில் ஒரு பத்தியைக் காட்டியே ஆகவேண்டும். அதைப் படிக்கும் வாசகர் உங்களோடு மாறுபடக்கூட முடியும். அப்படி மாறுபட இடம் தருகிற மதிப்புரையைத்தான் நான் நல்ல மதிப்புரை என்பேன்.

அவ்வாறு எடுத்துக்காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இத்தனை சொல் என்று அதில் கணக்கு எதுவும் கிடையாது. நீங்கள் சொல்லும் கருத்துக்குச் சான்றாக ஒரு பத்தியைத் தரலாம். ஒரு முழுக் கவிதையையோ கதையையோ தட்டச்சு செய்து போட்டுவிட்டுக் கீழே இரண்டு வரி பாராட்டு எழுதுவது மதிப்புரை ஆகாது.

செலவைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியதில்லை. டொமைன் பெயருக்கு, அதாவது தளத்தின் இணைய முகவரிக்கு, ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். பக்கங்களை வைக்க கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களே போதும். டொமைன் பெயர் மட்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நான் முதலில் ஓர் இலவசச் சேவையில் எழுதினேன். அதை நடத்தியவர்கள் ஒருநாள் மூடிவிட்டுப் போனபோது நாற்பதுக்கும் மேற்பட்ட மதிப்புரைகளை இழந்தேன். அன்று முதல் ஒவ்வொன்றையும் என் கணினியிலும் ஒரு நகல் வைத்துக்கொள்கிறேன். உண்மையான செலவு நூல்களுக்குத்தான். டில்லித் தமிழ்ச் சங்க நூலகமும் பெரோஸ்ஷா சாலையில் ரவீந்திர பவனில் உள்ள சாகித்திய அகாதெமி நூலகமும் அதைப் பெரிதும் குறைக்கும்.

இலவசப் பிரதிகளை வாங்கலாம். வாங்கினால் மதிப்புரையின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் சமூக ஊடகத்தில் பொருள்களைப் பற்றிப் பேசுவோருக்கு வெளியிட்ட நெறிமுறையும் இலவசமாகப் பெற்றதை வெளிப்படையாகச் சொல்லவே வலியுறுத்துகிறது. ஆனாலும் முதல் ஓராண்டுக்கு எவரிடமும் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் துணிபு. பணத்தைவிட நட்புதான் இங்கே பெரிய சோதனை. டில்லித் தமிழர் வட்டம் சிறியது. நீங்கள் குறை சொன்ன நூலின் ஆசிரியர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க நிகழ்ச்சியில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். நெருங்கிப் பழகியவரின் நூலை எழுதாமல் விட்டுவிடுவதே எனக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தப் பழக்கத்தை வாசகருக்குச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே முடியுமா என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கணையாழி இலக்கிய இதழ் 1965இல் இந்த நகரத்திலிருந்துதான் தொடங்கியது. வெங்கட் சாமிநாதன் மத்திய அரசுப் பணியில் இங்கே இருந்துகொண்டுதான் பல ஆண்டுகள் விமர்சனம் எழுதினார். மாதத்துக்கு இரண்டு மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறு மதிப்புரைகளை எழுதி முடித்து, கையில் வைத்துக்கொண்ட பிறகு தளத்தைத் திறந்தால், அலுவலகத்தில் வேலை நெருக்கும் மார்ச் மாதத்திலும் வாசகர் வந்து பார்க்கும்போது அங்கே புதிதாக ஒன்று இருக்கும்.