வயது போனாலும் விழிக்கும் காவல்

(களுவாஞ்சிகுடியில் முதியோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே,

சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்து மாறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நோய் மாறினாலும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் காலமெல்லாம் பதுங்கிக் கிடக்கிறது. அதைத் தலையெடுக்க விடாமல் அடக்குபவை ரி கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள். அவை தளர்ந்தால் விலாவின் ஒரு பக்கம் மட்டும் பட்டைபோலக் கொப்புளம் கிளம்பும். சட்டை உரசினாலே உயிர் போகிற வலி. அதுதான் அக்கி. கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் எரிவு தீராமல் இரவெல்லாம் விழித்திருப்போர் உண்டு.

ரி கலங்கள் ஏன் தளர்கின்றன? அவை முதிர்வது நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில். 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் அதன் பணியைக் கண்டறிந்தார். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாகிக்கொண்டே போகிறது. புதிய கலங்கள் குறைகின்றன. பழைய நெல்லால் நிறைந்த களஞ்சியம்போல, முன்பு கண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் கலங்களே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. புதுக் கிருமி வந்தால் எதிர்க்க ஆள் போதாது.

ஆனால் "வயது போனால் அப்படித்தான்" என்று கையை விரிப்பதை நான் ஏற்கமாட்டேன். அக்கிக்கான பழைய தடுப்பூசி எழுபது வயது கடந்தோருக்கு ஏறத்தாழ 38 சதவீதப் பாதுகாப்பையே தந்தது. நிர்ப்பீடனத்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியை, தட்டியெழுப்பும் துணைப்பொருள் சேர்த்த புதிய தடுப்பூசியோ அதே வயதினருக்கு 90 சதவீதமளவில் தந்தது. கலங்கள் அவர்களுடையவைதான், எழுப்பிய விதம்தான் வேறு.

2018இல் பிரித்தானியாவில், 55 முதல் 79 வயது வரை நெடுங்காலமாகச் சைக்கிள் ஓடி வந்தவர்களைச் சோதித்தார்கள். தைமஸிலிருந்து புதிதாக வெளிவந்த ரி கலங்கள் அவர்களிடம் இளைஞர்களுக்கு நிகராக இருந்தன. படுவான்கரை வயலுக்கு இன்றும் சைக்கிளில் போகும் ஐயாமாரை மறிக்காதீர்கள், பிள்ளைகளே!

வளர்ச்சி ஹார்மோனைக் கொண்டு தைமஸைத் துளிர்க்க வைக்கும் முயற்சியும் நடக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒன்பது ஆண்கள் மட்டுமே. அதை நம்பி யாரும் ஊசி தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று. காசநோய்க் கிருமியையும் அடக்கி வைத்திருப்பவை இதே கலங்கள்தான். வீட்டில் வயதானவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால், பாணி மருந்து வாங்கிக் கொடுத்துக் காலம் கடத்தாமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.