எஸ் அலைக்கு வழிவிடாத ஆழம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் காலடியில் கொஞ்ச தூரம் தோண்டினால் நெருப்புக் குழம்பு, அதன்மேல்தான் நாம் மிதக்கிறோம் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். பூமியைக் குறுக்கே வெட்டி ஆரஞ்சு நிறம் தீட்டிய பாடப்புத்தகப் படங்களின் வேலை இது என்பது என் சந்தேகம். உண்மையில் மேலோட்டுக்குக் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது பாறைதான்; கவசம் என்று அதற்குப் பெயர். கடும் சூடு உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகரவும் செய்யும். ஆனாலும் கெட்டியான பாறை. எரிமலையில் வழிவது அங்கங்கே உருகும் சிறு பங்கு, அவ்வளவே.

அங்கே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. எஸ் அலைதான் சாட்சி.

நிலநடுக்கம் வந்ததும் பாறைக்குள் இரண்டு அலைகள் கிளம்பும். பி அலை பாறையை அழுத்தி விரித்துக்கொண்டு முன்னே ஓடும். பின்னால் வரும் எஸ் அலை, தான் போகும் திசைக்குக் குறுக்கே பாறையை உலுக்கும். ஓர் அல்வாத் துண்டின் மேல்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு விரலை எடுங்கள். பழைய இடத்துக்கு வந்துவிடும். தண்ணீர் அப்படித் திரும்பாது. அந்தத் திரும்பும் குணத்துக்கு விறைப்பு என்று பெயர். அது இல்லாத இடத்தில் எஸ் அலை இல்லை. பி அலையோ திரவத்திலும் போகும்.

சுமார் 6,700 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவைப் பாருங்கள். ஏறக்குறைய 10ஆம் நிமிடத்தில் கோடு லேசாக நடுங்கும்; அது பி அலை. 18 நிமிடம் கடந்ததும், கிடைமட்ட அசைவைப் பதியும் கருவியில் கோடு சட்டென்று அகன்று ஆடும். எஸ் வந்துவிட்டது. மேலோட்டில் நொடிக்கு மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் இந்த அலை, பாறைக் கவசத்தின் அடிப்பகுதியில் ஏழு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆழம் கூடக் கூட வேகமும் கூடுவதால் பாதை வளைந்து, மறுபடி மேலே ஏறுகிறது.

1897 ஜூன் 12 அன்று அசாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓல்டாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். தொலைவில் பதிவான கோடுகளில் பி, எஸ், மேற்பரப்பு அலை என மூன்றையும் பிரித்துக் காட்டியவர் அவர்தான். 1906இல், பூமிக்கு ஒரு கருவம், அதாவது கவசத்துக்கும் உள்ளே வேறொரு நடுப்பகுதி, உண்டு என்றும் சொன்னார். வெகுதொலைவில் எஸ் அலை மிகவும் தாமதமாக வருவதாக அவருக்குத் தோன்றியது. கருவத்துக்குள் அது மெதுவாகப் போகிறது என்று முடிவு கட்டினார். அவர் பார்த்தது கருவத்தைக் கடந்த எஸ் அலையே அல்ல. கருவம் இருக்கிறது என்ற முடிவு மட்டும் நிலைத்துவிட்டது.

கருவம் திரவம் என்பதை 1926இல் நிலைநாட்டியவர் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ். அவருடைய வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிலவின் ஈர்ப்பு கடலை மட்டுமா இழுக்கிறது? நிலத்தையும்தான் இழுத்து ஏற்றி இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவிலிருந்து முழுப் பூமியின் விறைப்பைக் கணக்கிடலாம். எஸ் அலையின் வேகத்திலிருந்து கவசத்தின் விறைப்பு மட்டும் தனியாகக் கிடைக்கும். முழுப் பூமியின் சராசரி, கவசத்தின் விறைப்பைவிடக் குறைவாக இருந்தது. அப்படியானால் உள்ளே விறைப்பே இல்லாத ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். கணக்கு அங்கே நேரானது.

எனவே நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 103 டிகிரிக்கு, அதாவது 11,400 கிலோமீட்டருக்கு அப்பால், நேரான எஸ் அலை வந்து சேராது. ஆனால் அந்தப் பகுதியில் குறுக்கு ஆட்டமே இராது என்று நினைத்துவிடக் கூடாது. கருவத்தின் எல்லையில் எஸ் அலையின் ஆற்றலில் ஒரு பங்கு பி அலையாக மாறித் திரவத்தைக் கடக்கும்; மறுகரையில் மீண்டும் எஸ் ஆகிவிடும். இதற்கு எஸ்-கே-எஸ் என்று பெயர். குறிப்பிட்ட தொலைவைத் தாண்டினால் இது நேரான எஸ் அலையையே முந்திக்கொண்டு வரும். பதிவு படிக்கப் பழகும் மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்தத் திரவத்துக்கும் உள்ளே, சுமார் 1,220 கிலோமீட்டர் ஆரத்தில், திட இரும்பாலான உட்கருவம் இருக்கிறது. திடம் என்றால் அதற்குள் எஸ் அலை ஓட வேண்டும். பல பத்தாண்டுகள் தேடினார்கள். பதிவுகளில் அது அவ்வளவு மெல்லியது. 2018இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரிய நிலநடுக்கங்கள் அடங்கிப் பல மணி நேரம் கழித்தும் தொடரும் அதிர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதன் தடத்தைப் பிடித்ததாக அறிவித்தார்கள். அவர்கள் கண்ட வேகம் நொடிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அந்த அழுத்தத்தில் இருக்கும் இரும்புக்கு அது மிகக் குறைவு. அது ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

வணக்கம்.