கரும்பலகையில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து விளக்கேற்றி வைத்த மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, சிறுதொழில் கடனுக்கு அலையவிடாமல் உதவும் வங்கி மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் குருநாதர் கட்டிங் மாஸ்டர் ஐயா அவர்களே, பனியன் கம்பெனி நடத்தும் திருப்பூர்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயா இந்த வயதிலும் படியேறி வந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ‘தொழில் திட்டமும் தினசரி வேலையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று விஷயம் பேச வேண்டும். போட்ட திட்டம் தையல் நடக்கும் ஃப்ளோருக்கு ஏன் வந்து சேர்வதில்லை, திட்டமும் கூலியும் எங்கே முட்டிக்கொள்கின்றன, வாராவாரம் கணக்குப் பார்ப்பது எப்படி.

நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்து, அறுபது பக்கத்தில் ஆண்டுத் திட்டம் போட்டார். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, ஆறு பிரதி. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், ‘ஆல்டரும் டேமேஜும் பாதியாகக் குறைய வேண்டும்’ என்று இருந்தது. ஆல்டர் என்றால் பிரித்து மறுபடி தைக்க வேண்டிய பீஸ். ஐந்து பிரதி ஏசி அறையில் பீரோவுக்குள் போயின. ஒன்று என் மேசையில் இருந்தது. நானும்தான் பூட்டி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு டி-ஷர்ட் ஆர்டர். சரக்கு பேக்கிங் வரை போய்விட்டது. சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தோள் தையலைப் பிடித்து இரு பக்கமும் லேசாக இழுத்தார். தையல் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. மழுங்கின ஊசி நூலை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பெட்டி எல்லாவற்றையும் பிரித்தோம். ராத்திரி பகலாகச் செக்கிங். கப்பல் போய்விட்டது. மிஞ்சிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் இல்லை.

எந்த மெஷின் என்று தேடிப் போனால், ஓவர்லாக்கில் ஓர் அக்கா. “ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன். “சொன்னனுங்களே சார். எத்தன பீசு ஆச்சுன்னுதானுங்க கேட்டாங்க. டேமேஜ் கொறைக்கோணும்னு எங்ககிட்ட யாருங்க சொன்னாங்க?” என்றார்.

அறுபது பக்கத்துக்கும் அந்த அக்காவின் ஊசிக்கும் நடுவில் ஒரு வரிகூடப் போகவில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

மறுநாளே ஒரு கரும்பலகை வாங்கி, டைலர்கள் உள்ளே வரும் வாசலில் மாட்டினேன். தமிழில் மூன்று வரி. ‘இந்த மாதம் ஆல்டர் பாதியாகக் குறைய வேண்டும். ஊசி மழுங்கினால் மெஷினை நிறுத்துங்கள். நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு.’ மூன்றாவது வரிக்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு கூலி என்று உட்காருகிறவர் நிறுத்தினால் அவர் வீட்டு அரிசிதானே குறையும்? தரம் வேண்டும் என்று ஏட்டில் எழுதிவிட்டு, எண்ணிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜப்பான்காரர் சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பின்னாளில் டொயோட்டா கார் ஆலையில் தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்று வைத்தார்களே, அந்த எண்ணத்துக்கு மூலம் அந்தத் தறிதான். துணித்தொழில் கார் ஆலைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது! நம் ஊர் ஆட்களுக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. ஜப்பானில் ஹோஷின் கன்ரி என்று ஒரு திட்டமிடும் முறை உண்டு. இலக்கு மேலிருந்து கீழே வரும். ‘இது நடக்குமா, இதற்கு என்ன வேண்டும்’ என்ற பேச்சு கீழிருந்து மேலே போகும். பந்தை எறிந்து பிடிக்கிற மாதிரி.

அதனால்தான் ஊர் ஊராகப் போய் இதையே கேட்கிறேன். திட்டத்தை வேலை செய்கிறவர் மொழியில் எழுதுங்கள். பவர் டேபிள் தையல் மெஷினில் இருப்பவர் தமிழில் யோசிக்கிறார், தமிழில் எழுதுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களில் ஒருவரையே கூப்பிட்டுப் பக்கத்தில் ஒடியாவில் எழுதச் சொல்லுங்கள். பையருக்கு ஆங்கிலம் வேண்டும், சரி. ஊசி பிடிக்கிறவருக்கு எதற்கு?

வாராந்தரக் கணக்கைப் பற்றியும் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு நாள் வருகிறேன். வருகிற தைப் பொங்கலுக்குள் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஒரு பலகை இருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் டீ கொடுக்கிற இடத்தில் ஒரு நோட்டுடன் நிற்பேன். பலகை மாட்டச் சம்மதிக்கிறவர்கள் கம்பெனி பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரி என்ன எழுதுவது என்று அங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம். நன்றி, வணக்கம்.