பார்லி விதைத்தவர் பொறுப்பா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆயுத நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கும் மத அமைப்புகள் அவற்றை விற்றுவிட்டு வெளியேற வேண்டுமா, உள்ளே இருந்தபடி கேள்வி கேட்க வேண்டுமா? வெளியேற வேண்டும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "நீங்கள் விற்றால் இன்னொருவர் வாங்கப் போகிறார், கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டுப் பலத்த கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். கேள்வி நன்றாக இருந்ததால் தட்டினேன், பதில் இல்லாததால் அல்ல.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். அங்கே சாமுவேல் கால்டன் என்றொரு துப்பாக்கி முதலாளி. குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். போரே கூடாது என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தச் சபையின் கொள்கை. கால்டன் குடும்பத்துத் துப்பாக்கிகளோ பிரிட்டிஷ் அரசுக்கும் போயின, அடிமை வியாபாரம் நடந்த ஆப்பிரிக்கக் கரைக்கும் போயின. சபை விளக்கம் கேட்டது. கால்டன் எழுதிக் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: பார்லி விதைக்கும் விவசாயியும் அதைக் காய்ச்சி வடிப்பவரும் குடிகாரர் செய்யும் கேட்டுக்குப் பொறுப்பாவார்களா? வரி கட்டும் நீங்கள் எல்லோரும்தானே போருக்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

கெட்டிக்கார வாதம். இரண்டாவது கேள்விக்கு என்னிடமே முழுப் பதில் கிடையாது. ஆனாலும் 1796ல் சபை அவரை விலக்கியது. பட்டறை அன்றைக்கே மூடப்பட்டதா என்றால், இல்லை. அந்தப் பணத்துக்கும் தங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சபை ஊரறியச் சொன்னது. அவ்வளவுதான்.

அந்த பார்லி இன்னும் விளைந்துகொண்டுதான் இருக்கிறது, நடுவர் அவர்களே. 2018 ஆகஸ்ட் 9 அன்று ஏமனின் தஹ்யான் என்ற ஊரில், சுற்றுலா போன பிள்ளைகள் இருந்த பேருந்தின் மேல் சவுதி கூட்டணி விமானம் குண்டு போட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 51 பேர் இறந்தார்கள். அதில் 40 பேர் குழந்தைகள். சிதறிக் கிடந்த துண்டுகளை நிபுணர்களிடம் காட்டி, அது அமெரிக்க ஆயுத நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் தயாரித்த குண்டு என்று சிஎன்என் செய்தி வெளியிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆயுத நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் என்ன? எந்த நாட்டுக்கு விற்பது என்பது அரசாங்கத்தின் முடிவு, நாங்கள் செய்து கொடுப்பவர்கள் மட்டுமே. விதைத்தவர் பொறுப்பாவாரா என்று அன்று கால்டன் கேட்டதும் இதேதான்.

சகோதரி சொன்ன கன்னியாஸ்திரிகள் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கத்தோலிக்கச் சகோதரிகளும் கத்தோலிக்க மருத்துவமனை அமைப்புகளும் ரூகர் என்ற துப்பாக்கிக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கி, 2018 மே மாதப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தார்கள். பிளாக்ராக் என்ற முதலீட்டு நிறுவனம் போன்ற பெரிய கையே அவர்கள் பக்கம் ஓட்டுப் போட்டது. அந்தச் சகோதரிகள் இங்கே வந்தால் நான் எழுந்து நின்று வணங்குவேன். ஆனால் ஜெயித்துக் கிடைத்தது என்ன? துப்பாக்கி வன்முறை பற்றி ஓர் அறிக்கை. தீர்மானம் கேட்பது அறிக்கையை மட்டும்தான், எங்கள் தொழிலை அது மாற்றாது என்று நிர்வாகம் அன்றே சொல்லிவிட்டது. 2019 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. துப்பாக்கிகளும் வந்துகொண்டே இருந்தன.

இன்னொன்று. அவர்கள் வாங்கியது கூட்டத்துக்குள் நுழைய ஒரு டிக்கெட். அன்றைய விதிப்படி 2,000 டாலர் பங்கு இருந்தால் தீர்மானம் கொண்டுவரலாம். டிக்கெட் வாங்குபவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஓய்வூதிய நிதியையும் காணிக்கையையும் அங்கே போட்டு, வருஷா வருஷம் ஈவுத்தொகை வாங்கிக்கொண்டு, "நாங்கள் உள்ளே இருந்து பேசுகிறோம்" என்பவர்களோடுதான் சண்டை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

சரி, விற்றால் என்ன நடக்கும்? கொத்துக்குண்டைப் பாருங்கள், ஒரு குண்டுக்குள் பல சின்னக் குண்டுகளை அடைத்துச் சிதறவிடுவது. நெதர்லாந்தில் பாக்ஸ் என்ற அமைதி இயக்கம் இருக்கிறது. தேவாலயங்களின் சமாதானக் குழுவும் பாக்ஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்க அமைதி இயக்கமும் சேர்ந்து உருவானது. கொத்துக்குண்டு செய்யும் கம்பெனிகளுக்கு எந்தெந்த வங்கி பணம் தருகிறது என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் ஒவ்வொன்றாக நழுவின. 2015ல் சிங்கப்பூரின் எஸ்டி இன்ஜினியரிங் இனி கொத்துக்குண்டு செய்வதில்லை என்றது. 2016ல் அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரான் நிறுத்தியது. 2020ல் தென்கொரியாவின் ஹன்வா அந்தப் பிரிவையே கைகழுவியது. சூரிய மின்தகடும் விற்கும் ஹன்வாவுக்குக் கொத்துக்குண்டுப் பெயர் ஒட்டியிருந்தால் எப்படி?

டெக்ஸ்ட்ரானுக்கு வேறு காரணமும் உண்டு, மறைக்கவில்லை. ஒபாமா அரசு சவுதிக்கு அந்தக் குண்டுகளை அனுப்புவதை நிறுத்தியிருந்தது. ஆனால் இந்த மூன்று நாடுகளும் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. நாடு கையெழுத்துப் போடவில்லை, கம்பெனி வெளியேறிவிட்டது. இன்னொருவர் வாங்குவார் என்றாரே சகோதரி, அந்த இன்னொருவருக்கும் கூச்சம் வந்ததால் நடந்தது இது.

உக்ரைனைக் காட்டி, ஆயுதம் இல்லாமல் ஒரு நாடு எப்படித் தப்பிக்கும் என்று எதிரணித் தலைவர் கேட்கப் போகிறார். குறிப்பெடுப்பதைப் பார்த்தேன். ஐயா, நாடு வாங்கட்டும், அரசு வரிப்பணத்தில் கொடுக்கட்டும். அந்த லாபத்தில்தான் பாதிரியாருக்குப் பென்ஷன் வர வேண்டுமா? வத்திக்கானே 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தன் முதலீட்டுக் கொள்கையில் ஆயுதத் தொழிலை விலக்கிவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. உள்ளே இருந்து கேட்போம், கேட்போம் என்கிறீர்களே, எத்தனை வருஷம் கேட்டும் பதில் வராவிட்டால் விற்பீர்கள்? ஐந்தா, பத்தா? ஒரு வருஷக் கணக்கை இந்த மேடையில் சொல்லுங்கள். நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.